கோயிலுக்குக் கவுணா, வெள்ளைச் சாறியா? பிரைடல் கடை ஏறி இறங்கியவர்கள் சொல்லுங்கள்

குருநகர்ப்பெண்

வணக்கம். வருகிற தை மாதக் கடைசியில் எனக்குக் கலியாணம். காலையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசையோடு விவாகம், பின்னேரம் மண்டபத்தில் வரவேற்பு. கூறைச் சாறி மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிறார்கள். கோயிலில் தாலியோடு கூறையையும் ஆசீர்வதித்துத் தருவார்கள், மண்டபத்துக்கு நான் கூறை உடுத்துத்தான் போவேன். கோயிலுக்குள் எதை உடுப்பது என்பதில்தான் ஒரு மாதமாக முடிவில்லை. அம்மாவுக்கு வெள்ளைச் சாறியும் தலைக்கு நெற்றும் (மெல்லிய வலைத்துணி) வேண்டும். எனக்குச் சின்ன வயதில் இருந்தே கவுணில்தான் ஆசை.

இரண்டு கிழமையில் மூன்று பிரைடல் கடைகளுக்குப் போய்விட்டேன். பெயர்கள் சொல்ல விருப்பமில்லை. ஒன்றில் விலையைக் கேட்டால், முதலில் போட்டுப் பாருங்கள் பிறகு கதைப்போம் என்றார்கள். போட்டு, மனதுக்குப் பிடித்து, கண்ணாடி முன் நின்ற பிறகுதான் வாடகை மட்டும் 85,000 என்று தெரிந்தது. இன்னொன்றில் அன்றைக்கே முற்பணம் கட்டினால்தான் திகதியைப் பிடித்து வைப்பார்களாம், படம் எடுக்கவும் விடவில்லை. மூன்றாவது இடத்தில் எந்தக் கவுணும் எனக்குப் பின்னால் மூடவில்லை. அங்கே நின்ற பிள்ளை, "கலியாணத்துக்கு முன்னம் மெலிஞ்சிடுவீங்கள் தானே அக்கா" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஆட்டோவில் வீடு வரும்வரை நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

வாடகைக்கு எடுப்பதா, தைப்பதா, இந்தியாவுக்குப் போவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிநூல்

தங்கச்சி, நான் கொக்குவில் பக்கம் பதினெட்டு வருடமாகத் தைக்கிறவள். முதலில் அந்த மூன்றாவது கடைக் கதை. உங்கள் உடம்பில் ஒரு பிழையும் இல்லை. கடையில் தொங்குவது ஒரே ஒரு அளவில் வந்த கவுண். அதோடு கலியாணக் கவுண்களின் அளவு இலக்கம் நாங்கள் வழமையாகப் போடும் உடுப்பின் இலக்கத்தோடு பொருந்தாது. அநேகமாக ஒன்று இரண்டு இலக்கம் கூட்டித்தான் எடுக்க வேண்டி வரும். இலக்கத்தைப் பார்க்காதீர்கள், நாடாவைப் பாருங்கள். நெஞ்சு, இடுப்பு, அதற்குக் கீழ்ச் சுற்று மூன்றும் மூன்று அளவில் விழுந்தால், பெரியதற்குப் பொருந்துவதை எடுத்து மற்ற இடங்களைப் பிடிக்க வேண்டும். பிடிப்பது சுலபம். விடுவதற்குத் தையலுக்குள் துணி இருக்க வேண்டும், ஆயத்தக் கவுணில் அது அரை அங்குலம்கூட இருப்பதில்லை.

இனி எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணாடி முன் நின்று மட்டும் பார்க்காதீர்கள். பூசையில் நீங்கள் செய்வதையெல்லாம் அங்கே செய்து பாருங்கள். முழங்காலில் இருங்கள். எழும்புங்கள். எழும்பும்போது முன்விளிம்பு காலுக்குக் கீழே அகப்பட்டால் நீங்கள் முன்னுக்கு விழுவீர்கள், அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கதிரையில் இருங்கள். தாலி கட்ட மாப்பிள்ளை கிட்ட வரும்போது கழுத்துப் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் உயர்த்துங்கள். மீன்வால் வெட்டுக் கவுண், அதாவது முழங்கால்வரை ஒட்டிப் பிறகு விரிவது, படத்துக்கு வடிவுதான், ஆனால் அதில் முழங்காலில் இருந்து எழும்புவது சரியான கஷ்டம். இடுப்பிலிருந்து மெதுவாக விரியும் வெட்டு எல்லா உடம்புக்கும் ஒத்துவரும், கோயிலுக்கும் ஒத்துவரும்.

உள்துணி பருத்தியா என்று கேளுங்கள். வெளியே சற்றின் இருக்கலாம். உடம்பில் படுவதும் பொலியெஸ்ரர் என்றால் பூசை முடிய முதலே நனைந்துவிடுவீர்கள், தையிலும்தான்.

மானிப்பாய்_மாமி

பிள்ளை, அம்மாவை ஒருக்கால் இருத்தி வைத்துக் கேளும், ஏன் வெள்ளைச் சாறி என்று. நாங்கள் சண்டைக் காலத்தில் முடித்தவர்கள். எனக்குக் கூறை எடுக்க மாமியவை பட்ட பாடு இப்போது சொன்னால் விளங்காது. கடையில் இருந்ததே ஐந்தோ ஆறோ சாறி, அதில் ஒன்று. நிறம் தெரிவு செய்யிற கதையே இல்லை. நான் கவுணுக்கு எதிரி இல்லை, என்னுடைய மகளும் கவுண்தான் போட்டாள். ஆனால் அம்மா பிடிவாதம் பிடிக்கிறா என்று நினைத்து விலக்கி வைத்துவிட்டுக் கடை கடையாகத் திரியாதேயும். கூட்டிக்கொண்டு போம்.

பனங்கூடல்

முற்பணம் பற்றி நான் சொல்ல வேண்டும். என் கலியாணம் 2020 சித்திரையில் இருந்தது. பங்குனி 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது, கலியாணம் ஆவணிக்குத் தள்ளிப் போனது. பிரைடல் கடைக்கு 40,000 கட்டியிருந்தோம். கடிதமும் இல்லை, சரியான பற்றுச்சீட்டும் இல்லை, விசிற்றிங் கார்டின் பின்பக்கம் பேனையால் தொகையை எழுதித் தந்தது மட்டும்தான். ஆவணியில் போய்க் கேட்டபோது அந்தத் திகதிக்கு வேறு பொம்பிளை இருக்கிறா, காசு திருப்ப ஏலாது என்றார்கள். எல்லாருக்கும் கஷ்டமான காலம்தான், அவர்களுக்கும் வருமானம் நின்றிருக்கும், அது எனக்கு விளங்கும். ஆனால் முதலிலேயே எழுதியிருந்தால் பாதியாவது வந்திருக்கும்.

ஆகவே எழுத்தில் வாங்குங்கள். திகதி, எந்தக் கவுண், அதன் நிறம், எத்தனை தரம் அளவு பார்ப்பார்கள், கறை பட்டால் எவ்வளவு கழிப்பார்கள், திகதி மாறினால் என்ன செய்வார்கள், உடுத்திவிட யார் வருவார்கள். கடைசியில் சொன்னது முக்கியம். கடைக்காரி அக்கா தான் வருவேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு உதவிக்கு நிற்கும் பிள்ளையை அனுப்பிய கதை எங்கள் உறவுக்குள்ளேயே உண்டு.

பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. பிரச்சினை வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கலாம். நான் அப்போது எடுக்கவில்லை. கலியாண நேரத்தில் யாரோடும் மல்லுக்கட்டக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டா.

மல்லிகைப்பந்தல்

நான் சைவம், நல்லூரில் முடித்தவள். எங்களுக்குக் கவுண் கதை இல்லை, ஆனால் உடுப்பு மாற்றும் கதை இருக்கிறது. அது உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன். எங்கள் முறையில் பொம்பிளை ஒரு சாறியில் மணவறைக்கு வந்து இருப்பா. தாலியும் கூறையும் வைத்த தட்டைச் சபையில் பெரியவர்களிடம் கொண்டுபோய்த் தொட்டு ஆசீர்வாதம் வாங்கிய பிறகு, மாப்பிள்ளை கூறையைப் பொம்பிளையின் கையில் கொடுப்பார். பொம்பிளை உள்ளே போய் அதை உடுத்துக்கொண்டு வர வேண்டும். அதன் பிறகுதான் தாலி. ஐயர் முகூர்த்த நேரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார், மாப்பிள்ளை தனிய மணவறையில் இருப்பார், சபை முழுக்க வாசலையே பார்க்கும். ஒரு இருபது நிமிடம்தான் கையில் இருக்கும்.

எனக்கு என்ன நடந்தது என்றால், கூறைக்கு என்று தைத்த சட்டை கை ஏறவில்லை. ஆரி வேலை செய்த கை, முத்தும் கல்லும் வைத்து உள்பக்கம் தடித்துப்போயிருந்தது. வேலைப்பாட்டுக்கு முன் அளவு பார்த்தார்கள், பின் பார்க்கவில்லை. கூறை மாப்பிள்ளை வீட்டில் இருந்து வருவது, அதனால் முதலில் முழுதாக உடுத்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சட்டைத் துண்டை மட்டும் வெட்டித் தந்தார்கள். கடைசியில் பெரியம்மா கைமூட்டுத் தையலைப் பிளேட்டால் கீறி விட்டா. சாறியின் தலைப்பு மறைத்ததால் படத்தில் தெரியவில்லை. ஆனால் தாலி கட்டும் நேரம் முழுக்க நான் அந்தக் கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தேன். ஐந்து வருடம் ஆகிவிட்டது, இப்போதும் அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குக் கைதான் முதலில் தெரியும்.

சட்டையை வேலைப்பாடு முடிந்த பிறகு இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள். மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் என்று உடுத்துபவரோடு முதலே கதையுங்கள்.

பெரியகடைப்பட்டு

கூறை பற்றிக் கதை வந்தபடியால் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்துப் பெரியகடையில் ஒரு புடவைக் கடையில் பதினொரு வருடம் நின்றவன், இப்போது வேறு தொழில். கூறை என்ற பெயரைச் சிலர் மாயவரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூறைநாட்டோடு சேர்த்துச் சொல்வார்கள். அங்கே நெய்தது பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட புடவை. இப்போது எங்கள் ஆட்கள் கூறைக்கு எடுப்பது பெரும்பாலும் காஞ்சிபுரம் பட்டு, அரக்குச் சிவப்பு அல்லது அதற்குக் கிட்டிய நிறம்.

கடைக்கு வருகிறவர்கள் பார்க்காமல் விடுவதைச் சொல்கிறேன். சாறியைக் கடை விளக்குக்குக் கீழே முடிவு செய்யாதீர்கள். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடியுங்கள். அரக்கு என்று எடுத்தது வெளியே கத்தரிப்பூ நிறமாக நிற்கும். நாங்கள் யாரும் தடுக்கமாட்டோம், கேட்டால் நாங்களே தூக்கிக்கொண்டு வருவோம். அடுத்தது கரை. உடலையும் கரையையும் வேறு வேறு நாடாவால் (தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுவது) கோத்து நெய்வதைக் கோர்வை என்பார்கள், தறியில் இரண்டு பேர் வேலை. திருப்பிப் பார்த்தால் கரை சேரும் இடத்தில் நூல் கொளுவி இருப்பது தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். உடலும் கரையும் ஒரே ஓட்டமாக நெய்து வந்ததில் அது இருக்காது.

பிறகு சில்க் மார்க் சீட்டு. அது பட்டு நூல் சுத்தமானது என்பதற்கு மட்டும்தான் பொறுப்பு. சரிகைக்கு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நல்ல சரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் இட்டது. செம்பில் வருவது உண்டு, பிளாஸ்ரிக் பளபளப்பும் உண்டு. பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான், விலையில் பெரிய இடைவெளி. சரிகை என்ன சரிகை என்று வாயைத் திறந்து கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில். பட்டா இல்லையா என்ற சந்தேகத்துக்குத் தொங்கல் நூலில் ஒன்றைக் கொளுத்தலாம். பட்டு என்றால் தலைமயிர் எரிந்த மணம் வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை நூல் உருகிக் குண்டுமணி போலக் கட்டியாகும்.

இந்தியாவுக்குப் போவது பற்றி. பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் 2023 ஐப்பசியில் தொடங்கியது, இடையிடையே நின்று ஓடுகிறது. பத்துப் பேருக்கு உடுப்பு எடுப்பதென்றால் போகலாம். ஒரு கூறைக்காகப் போனால் விசா, ரிக்கெற், தங்குமிடம் எல்லாம் அந்தச் சாறியின் விலையில் ஏறும். அதோடு அங்கே ஒரு நாளில் ஐந்து கடை பார்த்து ஆறாவது கடையில் களைப்பில் எடுப்பீர்கள். எத்தனையோ குடும்பம் அப்படி எடுத்துவிட்டு வந்து எங்களிடம் மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறது.

மொன்றியல்_மச்சாள்

நான் இங்கே கனடாவில் முடித்தவள், கவுணும் கூறையும் இரண்டும். இங்கே கவுண் கடைக்கு நேரம் குறித்துத்தான் போக வேண்டும். ஒரு மணித்தியாலம் ஒன்றரை மணித்தியாலம் உங்களுக்கென்று ஒருவர் நிற்பார். மாதிரிக் கவுணைப் போட்டு முதுகில் பெரிய கிளிப் குத்திக் காட்டுவார்கள், பிடித்தால் உங்கள் அளவுக்குக் கிட்டியதை வரவழைப்பார்கள். அதற்கு நாலு ஐந்து மாதம், சிலவேளை அதற்கு மேலும் எடுக்கும். வந்த பிறகு திருத்தத் தையலுக்குத் தனிக் காசு. ஆகவே குருநகர்ப்பெண், வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் யாராவது இங்கிருந்து அனுப்புகிறோம் என்றால் உங்களுக்கு இப்போது காலம் போதாது. இணையத்தில் ஆயத்தமாக வாங்கி அனுப்பினால் திருத்த ஊசிநூல் அக்கா போல ஒருவர் வேண்டும்.

இன்னொன்று. நான் முதல் தரம் ஏழு பேரோடு போனேன். மாமிமார், மச்சாள்மார், வீடியோவில் அண்ணா. ஏழு பேருக்கும் ஏழு கவுண் பிடித்தது. அடுத்த கிழமை அம்மாவோடு மட்டும் போய் அரை மணித்தியாலத்தில் முடிவெடுத்தேன்.

பனங்கூடல்

ஊசிநூல் அக்கா, ஒரு கேள்வி. தைத்தால் அது ஒரு நாள் உடுப்பு, பிறகு அலுமாரியில். வாடகைதான் புத்தி என்று நான் இன்னும் நினைக்கிறேன்.

ஊசிநூல்

அலுமாரியில் தொங்கும் என்பது சரிதான். ஆனால் வாடகைக் கவுணை வெட்ட விடமாட்டார்கள். உயரம் குறைக்க உள்ளுக்கு மடித்துத் தைப்பார்கள், கைகூட வைக்க ஏலாது. எங்கள் பக்கம் சில பங்குத்தந்தைமார் தோள் மூடியிருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், அதை இந்தத் தங்கச்சி இப்போதே பாதரிடம் கேட்பது நல்லது. கையில்லாத வாடகைக் கவுணுக்கு மேலே ஒரு லேஸ் கோட் போட்டுச் சமாளித்தவர்கள் உண்டு, வடிவாகத்தான் இருந்தது. உங்கள் அளவுக்கு உள்ள கவுண் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், நான் தொழிலுக்காகத் தைக்கச் சொல்ல மாட்டேன். கிடைக்காத உடம்பை அதற்குள் திணிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

தைப்பதென்றால் ஐப்பசிக்குள் துணியைக் கொடுங்கள். கார்த்திகை, மார்கழியில் மழை. மின்சாரம் போகும், வெள்ளைத் துணியை வைத்து வேலை செய்ய எங்களுக்குப் பயமாக இருக்கும். மார்கழியில் நத்தார் உடுப்பு வேறு குவியும்.

குருநகர்ப்பெண்

எல்லாருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்துத்தான் திரும்ப எழுதுகிறேன்.

மானிப்பாய் மாமி சொன்னபடி அம்மாவை இருத்திக் கேட்டேன். அம்மா 1993இல் முடித்தவர். அப்போது சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு ஆனையிறவுத் தரைப்பாதை இல்லை, கிளாலிக் கடலால்தான் போக்குவரத்து. அந்த வெள்ளைச் சாறியை மாமா கொழும்பில் வாங்கி, கிளாலிக் கடலில் இரவு வள்ளத்தில் கொண்டுவந்திருக்கிறார். நனையாமல் இருக்க உரப்பைக்குள் பொலித்தீன், அதற்குள் சாறி. மாமா கரை சேர்ந்தாரா என்று தெரியாமல் மூன்று நாள் வீடே சாப்பிடவில்லையாம். நான் இருபத்தெட்டு வருடம் அந்தச் சாறியைப் பெட்டிக்குள் பார்த்திருக்கிறேன், இந்தக் கதையை ஒருநாளும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

நான் அதையே உடுக்கிறேன் என்றேன். எடுத்து விரித்தோம். மடிப்பு மடிப்பாக மஞ்சள் ஏறி, இரண்டு இடத்தில் மடிப்பிலேயே பட்டு அறுந்திருந்தது. வெட்டிக் கவுணில் வைத்துத் தைக்கலாமா என்று நான் கேட்டதற்கு அம்மா வேண்டாம் என்றார். "அது அப்பிடியே இருக்கட்டும்." திரும்பவும் மடித்து வைத்துவிட்டு, அவராகவே சொன்னார், கவுண் துணி பார்க்கப் போவோம் என்று.

துணி அம்மாதான் தெரிவு செய்தார். தூய வெள்ளை இல்லை, சற்றுப் பாலாடை நிறம், கடை வாசலில் பிடித்துப் பார்த்து. தைப்பது எங்கள் பங்கிலேயே உள்ள ஒரு அக்கா. கை முழங்கைவரை, பின்னால் சிப்புக்குப் பதில் கயிற்றுப் பின்னல், உள்ளே பருத்தி. அரை அங்குலம் மெலிந்தாலும் கூடினாலும் கயிறு பார்த்துக்கொள்ளும் என்றார் அவர். துணி, லேஸ், தையல்கூலி எல்லாம் சேர்த்து முதல் கடை கேட்ட வாடகைக்குள் முடிகிறது. தலை, முகம், கூறை உடுத்துவது மட்டும் அழகு நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறேன். பனங்கூடல் எழுதிய பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன், அந்த நிலையத்து அக்கா முகம் சுளிக்காமல் கையெழுத்து வைத்துத் தந்தார். அப்படி நல்லவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கூறைதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னைக் கேட்காமல் எடுத்துவிடுவார்களோ என்று. நானே மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, மாமிக்கு, போன் எடுத்து, நானும் வரலாமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நீர் வரமாட்டீராக்கும் எண்டுதான் நான் கேக்கேல்லப் பிள்ளை" என்றார். இரண்டு அம்மாமாரும் நானும் போனோம். வாசலுக்குச் சாறியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னதும் நான்தான், சரிகையைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொன்னது மாமி.

மானிப்பாய்_மாமி

அந்த வெள்ளைச் சாறியைப் பொலித்தீனில் வையாதேயும் பிள்ளை. பழைய வேட்டித் துணியில் சுத்தி வையும். வருடத்தில் இரண்டு தரம் எடுத்து மடிப்பை மாத்தும், ஒரே மடிப்பில் கிடந்தால்தான் அறும். பூச்சிமுட்டையை (நப்தலின் உருண்டை) துணியில் படவிட வேண்டாம். புதுக் கூறைக்கும் இதே கதைதான். கலியாணத்தன்றைக்கு வாசனைச் சென்ற் சரிகையில் அடிக்க வேண்டாம், கறுத்துப்போம்.

மல்லிகைப்பந்தல்

கூறைச் சட்டை?

குருநகர்ப்பெண்

கை வேலைப்பாடு இந்தக் கிழமை முடிகிறது அக்கா. முடிந்த பிறகு போட்டுப் பார்ப்பது என்று நாள் குறித்துவிட்டேன், ஞாயிறு பூசை முடிய.

ஊசிநூல் அக்கா, ஒரு சந்தேகம். நேற்று முதல் தரம் கவுணைப் போட்டு முழங்காலில் இருந்து எழும்பிப் பார்த்தேன். மூன்று தரத்தில் ஒரு தரம் முன்விளிம்பு அகப்படுகிறது. இன்னும் குறைக்கச் சொல்லவா?

ஊசிநூல்

எந்தச் செருப்போடு பார்த்தீர்கள்? கலியாணத்துக்குப் போடும் செருப்பு வாங்கும்வரை விளிம்பில் கை வைக்க விடாதீர்கள். வாங்கிப் போட்டு, நிலத்துக்கும் முன்விளிம்புக்கும் இடையில் ஒரு அங்குலம் விட்டுக் குத்தச் சொல்லுங்கள். எழும்பும்போது வலது கையால் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு எழும்பிப் பழகுங்கள், பூச்செண்டு இடது கையில் இருக்கட்டும். வீட்டில் பத்துத் தரம் செய்தால் கை தானாகப் போகும். அதற்குப் பிறகும் அகப்பட்டால் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.